409640-ஆவது செக்டர்: கூத்துப் பதிவுகள் இருந்த ஒரு மேக் டிஸ்க்கை மீட்ட விவரம்

2023 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். செய்யாறு பக்கத்துக்காரர். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வெளி ஹார்டு டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார். மேசையில் வைக்கும்போது இரண்டு கைகளாலும் வைத்தார்.

“தம்பி, இதில் பத்து வருடக் கூத்து இருக்கிறது. இருக்கிறதா, போய்விட்டதா என்று மட்டும் முதலில் சொல்லுங்கள்” என்றார்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தை அவர் தம் சொந்தக் கேமராவில் பதிந்து வந்திருக்கிறார். 2009 தொடங்கி 2019 வரை 13 இரவுகள். மகன் விட்டுச்சென்ற பழைய மேக் மடிக்கணினியில் கோப்புகளை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைத்து, இந்த டிஸ்க்கில் சேர்த்திருக்கிறார். வேறு பிரதி கிடையாது. கேமராவின் மெமரி கார்டை ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு அடுத்த கூத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார். பதிவில் ஆடியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

டிஸ்க்குக்கு நேர்ந்தது இரண்டு சம்பவங்கள். இரண்டுக்கும் நான்கு ஆண்டு இடைவெளி. முதல் சம்பவம் 2019 மார்ச்சில் ஓர் இரவு. பேட்டரி செத்துப்போன மடிக்கணினி, சுவர் மின்சாரத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோப்புகள் நகலாகிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. கணினியும் அதிலிருந்து மின்சாரம் எடுத்த டிஸ்க்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. அந்தக் கணினி அதன்பிறகு எழவே இல்லை. டிஸ்க் பீரோவுக்குள் போனது.

இரண்டாவது சம்பவம் என்னிடம் வருவதற்கு முந்தைய வாரம். ஊரிலிருந்த ஒரு கணினி மையத்தில், விண்டோஸ் கணினியில் டிஸ்க்கைச் செருகியிருக்கிறார்கள். டிரைவ் எழுத்து எதுவும் வரவில்லை. அங்கிருந்த இளைஞர் டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்து பார்த்திருக்கிறார். 200 எம்பியில் ஒரு சிறு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த தனிப் பகுதி), அதற்குப் பக்கத்தில் 931.19 ஜிபியில் பெயரில்லாத ஒரு பார்ட்டிஷன். அதன்மீது வலது சொடுக்கு செய்தால் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கட்டளைதான்: அழி. மற்றவை எல்லாம் சாம்பல் நிறத்தில் கிடக்கும். ‘இந்தப் பார்ட்டிஷனை விண்டோஸ் உருவாக்கவில்லை, வேறு இயங்குதளம் அறிந்த தரவு இதில் இருக்கக்கூடும், அழிக்கலாமா’ என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அவர் ஆம் என்று அழுத்திவிட்டார். டிரைவ் எழுத்து கொடுப்பதற்கு அதுதான் வழி என்று நினைத்திருக்கிறார். அடுத்த திரையில் ஃபார்மேட் என்ற சொல்லைப் பார்த்ததும் ஆசிரியர் போதும் என்று கையை நீட்டித் தடுத்திருக்கிறார். அந்தக் கையைத்தான் இந்த டிஸ்க்கை மீட்ட முதல் கருவி என்று சொல்வேன். ஃபார்மேட் ஓடியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அழிந்தது எவ்வளவு

மேக் இந்த டிஸ்க்கை ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறையில் பிரித்திருந்தது. டிஸ்க்கைச் சம அளவுள்ள சிறு துண்டுகளாக எண்ணுவார்கள், ஒவ்வொன்றும் ஒரு செக்டர். அட்டவணையின் தலைப்பு 1-ஆவது செக்டரில் இருக்கும். 2 முதல் 33 வரையுள்ள செக்டர்களில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 128 பைட்டில் ஒரு பதிவு: எந்த வகை, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது. இதே அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். விண்டோஸில் ‘அழி’ என்றால் இந்த இரு இடங்களிலும் அந்த ஒரு பதிவு நீங்கும், தலைப்பிலுள்ள சரிபார்ப்பு எண்களும் அதற்கேற்ப மாறும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் துடைக்கப்பட்டது 256 பைட். வீட்டின் கதவு எண் பலகையைக் கழற்றியது போலத்தான். வீடு அங்கேயே நிற்கும். ஆனால் பிரதி அட்டவணையிலும் பதிவு போய்விட்டதால் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும் வழி இல்லை. வீடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாமே அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

ஆசிரியரிடம் அன்றே சொன்னேன்: “ஐயா, பெரும்பாலும் இருக்கும். ஆனால் அவசரப்பட்டால் போய்விடும். இரண்டு வாரம் கொடுங்கள்.”

நகல் எடுத்தல்

டிஸ்க்கை அதன் கூட்டிலிருந்து கழற்றவில்லை. சில வெளிக்கூடுகள் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் 512 பைட் செக்டர்களை 4096 பைட்டாகக் காட்டும். அப்படிப்பட்ட கூட்டிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகச் செருகினால் ஜிபிடி இருக்க வேண்டிய இடமே மாறிவிடும், இருக்கிற குழப்பம் இரட்டிப்பாகும். எந்தக் கூட்டில் எழுதப்பட்டதோ அதே கூட்டில் படிப்பதுதான் பாதுகாப்பு.

லினக்ஸ் கணினியில் தானாக மவுண்ட் செய்யும், அதாவது டிஸ்க்கைத் திறந்து கோப்புகளைக் காட்டும், வசதியை அணைத்துவிட்டு, டிஸ்க்கைச் செருகியதும் இயங்குதளத்தின் கருவான கெர்னல் மட்டத்திலேயே படிக்க மட்டும் என்று பூட்டினேன். மொத்தம் 1953525168 செக்டர்கள், ஒவ்வொன்றும் 512 பைட். ஒரு டெராபைட் டிஸ்க்குகளுக்கு வழக்கமான எண்ணிக்கை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைக் கேட்டேன். படிக்க முடியாமல் நிலுவையில் 16 செக்டர்கள் என்று வந்தது. இதைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் இறுகியது. பார்ட்டிஷன் அழிந்தது மட்டும் பிரச்சினை என்றால் அரை மணி நேர வேலை. டிஸ்க்கே தேயத் தொடங்கியிருந்தால் அதன்மீது எந்தப் பழுதுபார்ப்பையும் ஓட்டக்கூடாது. பழுதுபார்க்கும் மென்பொருள் டிஸ்க் முழுக்கத் தாவித் தாவிப் படிக்கும், எழுதும். தளர்ந்துபோன டிஸ்க்குக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

எனவே முதலில், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கருவி. அது முதல் சுற்றில் சிக்கலான இடங்களைத் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை எல்லாம் வாரி எடுத்துக்கொள்ளும். பிறகுதான் விட்ட இடங்களுக்குத் திரும்பிப் போய்ச் சிறிது சிறிதாகக் கொறிக்கும். எதைப் படித்தது, எதை விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்று நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. விட்ட இடங்களை மூன்று முறை திரும்ப முயன்ற பிறகும் இரண்டு இடங்கள் வரவில்லை. ஒவ்வொன்றும் சரியாக 4096 பைட், அதாவது எட்டு செக்டர்கள். இந்த டிஸ்க் உள்ளுக்குள் 4096 பைட் அலகில்தான் எழுதுகிறது, வெளியே 512 என்று காட்டுகிறது. ஓர் அலகு கெட்டால் எட்டாகத் தெரியும். இரண்டு எட்டு 16. ஸ்மார்ட் சொன்ன கணக்கோடு பொருந்தியது.

அந்த நகலிலிருந்து, அதே எண்ணிக்கையில் செக்டர்கள் கொண்ட இன்னொரு டிஸ்க்குக்கு இன்னொரு பிரதி எடுத்தேன். அசல் டிஸ்க்கை உறையிலிட்டு ஒட்டி ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி என்ன தவறு நடந்தாலும் அது நகலில்தான் நடக்கும்.

வீட்டை அளத்தல்

கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறை, அதாவது கோப்பு முறைமை, மேக் டிஸ்க் என்றால் இரண்டில் ஒன்று. 2017-இல் மேக் ஓஎஸ் ஹை சியராவோடு வந்த ஏபிஎஃப்எஸ், அல்லது 1998-இல் மேக் ஓஎஸ் 8.1-இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. ஆசிரியரின் மடிக்கணினி பழையது, எச்எஃப்எஸ் பிளஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் நினைப்பை வைத்து எழுதக்கூடாது, பார்க்க வேண்டும்.

மேக் வெளி டிஸ்க்குகளைப் பிரிக்கும் விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. 40-ஆவது செக்டரில் தொடங்கி 409600 செக்டர்களுக்கு கணினி தொடங்குவதற்கென ஒதுக்கிய ஒரு சிறு இஎஃப்ஐ பார்ட்டிஷன். கணினி மையத்தில் கண்ட 200 எம்பி அதுதான், அது இன்னும் அழியாமல் அட்டவணையில் இருந்தது. அது முடிந்ததும் 409640-ஆவது செக்டரில் பெரிய பார்ட்டிஷன் தொடங்கும். எச்எஃப்எஸ் பிளஸ் தன் முகவரிப் பலகையை, அதாவது வால்யூம் ஹெடரை, பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி வைக்கும். ஆக, பார்க்க வேண்டிய இடம் 409642.

நகலில் அந்தச் செக்டரைத் திறந்தேன். முதல் இரண்டு பைட்டுகள் 72, 43. எழுத்தாக்கினால் எச், அடுத்து ஒரு கூட்டல் குறி. அடுத்த இரண்டு 0, 4. எச்எஃப்எஸ் பிளஸ், நான்காம் பதிப்பு. இந்த வேலையில் எத்தனை முறை பார்த்தாலும் அந்த எச்சும் கூட்டல் குறியும் தெரியும் கணம் நெஞ்சைத் தொடும். உடனே ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவே இல்லை.

அந்த 512 பைட்டுக்குள் நிறையச் செய்தி இருக்கிறது. கடைசியாக மாற்றப்பட்ட நேரம் என்ற இடத்தில் 3635689330 என்ற எண் இருந்தது. எச்எஃப்எஸ் பிளஸ் காலத்தை 1904 ஜனவரி 1-லிருந்து விநாடிகளாக எண்ணுகிறது. கணக்குப் போட்டால் 2019 மார்ச் 17, நம் நேரப்படி இரவு 11 மணி 12 நிமிடம். மின்சாரம் போன இரவு அது என்று ஆசிரியர் பிறகு உறுதிசெய்தார். டிஸ்க் கணினியிலிருந்து முறையாக விடுவிக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் பிட் அணைந்திருந்தது. ஜர்னல், அதாவது மாற்றங்களின் குறிப்பேடு, உண்டு என்பதைக் குறிக்கும் பிட் எரிந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு பிட்டுகளும் பின்னால் முக்கியமாகும்.

அளவையும் அங்கேயே எழுதி வைத்திருந்தது: கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகான பிளாக் ஒன்று 4096 பைட், மொத்தம் 244106668 பிளாக்குகள். ஒரு பிளாக்குக்கு எட்டு செக்டர் என்று பெருக்கினால் 1952853344. இதை 409640-உடன் கூட்டினால் 1953262984. அப்படியானால் பார்ட்டிஷனின் கடைசிச் செக்டர் 1953262983. இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எச்எஃப்எஸ் பிளஸ் வால்யூம் ஹெடரின் பிரதியை முடிவிலிருந்து 1024 பைட் முன்னால் வைக்கும். 1953262982-ஐத் திறந்தேன். அங்கேயும் எச், கூட்டல் குறி. வீட்டின் முன்வாசலும் பின்வாசலும் கிடைத்துவிட்டன. ஊகம் எதுவும் மிச்சமில்லை.

பார்ட்டிஷன் பதிவை எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன். லினக்ஸில் ஜிடிஸ்க் என்ற கருவியைத்தான் இதற்குப் பயன்படுத்துவோம். அது பார்ட்டிஷன்களை 2048 செக்டர் எல்லைகளில் வைக்கப் பழகியது. 409640 என்று நான் கொடுத்ததும், எல்லைக்குப் பொருந்துவதற்காக 411648-க்கு நகர்த்திவிட்டேன் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டது. அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் எழுதியிருந்தால் பார்ட்டிஷன் 2008 செக்டர் தள்ளித் தொடங்கியிருக்கும், மேக் அதை அடையாளம் காணாது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, யாராவது அதை ஃபார்மேட் செய்யவும் கூடும். சீரமைப்பு அளவை 8 ஆகக் குறைத்துவிட்டு மீண்டும் எண்களைக் கொடுத்தேன். 409640 எட்டால் மீதியின்றி வகுபடும், அதனால் ஏற்றுக்கொண்டது. வகையை எச்எஃப்எஸ் பிளஸ் என்று கொடுத்தேன். அதன் அடையாள எண் 48465300 என்று தொடங்கும். அந்த இலக்கங்களை இரண்டிரண்டாக எழுத்தாக்கினால் எச், எஃப், எஸ். ஆப்பிள் பொறியாளர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து.

படிப்பதும் பழுதுபார்ப்பதும்

இனி லினக்ஸிலேயே படிக்கலாம். எச்எஃப்எஸ் பிளஸ்ஸைப் படிக்கும் டிரைவர் கெர்னலில் பல காலமாக இருக்கிறது. முழு டிஸ்க்கின் நகல் கோப்பில் 209735680 பைட் தள்ளி, படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தேன். முறையாக விடுவிக்கப்படவில்லை, சோதனை செய்வது நல்லது என்று எச்சரித்துவிட்டுத் திறந்தது. கோப்புறைகள் தெரிந்தன. ‘அர்ச்சுனன் தபசு’, ‘கர்ண மோட்சம்’, ‘கீசக வதம்’ எல்லாம் இருந்தன. ஒன்றிரண்டை ஓட்டிப் பார்த்தேன், முகவீணைச் சத்தம் கேட்டது.

‘பதினெட்டாம் போர்’ கோப்புறை மட்டும் வேறு மாதிரி. 11 பெயர்களைக் காட்டிவிட்டு, உள்ளீடு வெளியீடு பிழை என்று நின்றுவிட்டது. படிக்க முடியாத இரண்டு இடங்களில் ஒன்று எங்கே விழுந்தது என்று கணக்கிட்டேன். செக்டர் எண்ணிலிருந்து 409640-ஐக் கழித்து எட்டால் வகுத்தால் பிளாக் எண் வரும். வால்யூம் ஹெடரில் எழுதியிருந்த கேட்டலாக் கோப்பின் எல்லைக்குள் அது விழுந்தது. கேட்டலாக் என்பது எல்லாக் கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் எழுதப்பட்ட பதிவேடு. மரம்போல் கிளைவிட்ட அமைப்பில், 8192 பைட் கொண்ட கணுக்களாக இருக்கும். ஒரு இலைக்கணுவில் இருபதைச் சுற்றிப் பதிவுகள் கொள்ளும். அப்படி ஒரு கணுவின் பாதி படிக்க முடியாமல் போயிருந்தது. ‘பதினெட்டாம் போர்’ 12 முதல் 29 வரை, 18 பகுதிகளின் பெயரும் இருப்பிடமும் அந்தக் கணுவில்தான் இருக்க வேண்டும். வீடியோ டிஸ்க்கில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று சொல்லும் ஏட்டின் பக்கம் கிழிந்திருக்கிறது.

லினக்ஸில் எச்எஃப்எஸ் பிளஸ்ஸுக்கான சோதனைக் கருவி இருக்கிறது. ஆப்பிளின் மூல நிரலிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். எதையும் மாற்றாதே என்ற நிபந்தனையோடு ஓட்டினேன். கணு அமைப்பு சரியில்லை என்று சொன்னது. இங்கேதான் பலரும் அடுத்த கட்டளையைத் தட்டுவார்கள்: கேட்டலாக்கை மறுபடி கட்டு. அந்தக் கட்டளை நல்ல கணுக்களில் இருக்கும் பதிவுகளைத் திரட்டிப் புதிய மரம் கட்டும். படிக்க முடியாத கணுவில் இருந்தவை புதிய மரத்துக்கு வரமாட்டா. அதோடு நிற்காது. அந்தக் கோப்புகள் அடைத்திருந்த பிளாக்குகளுக்கு உரிமையாளர் இல்லை என்று கண்டு அவற்றைக் காலி இடமாகக் குறித்துவிடும். வால்யூம் சரியாகிவிட்டது என்று மகிழ்ச்சியான செய்தியும் வரும். சரியானது வால்யூம். போனது கூத்து.

நான் அதைத் தட்டவில்லை. அந்த இரண்டு பிட்டுகள் மனத்தில் இருந்தன. முறையாக விடுவிக்கப்படவில்லை, ஜர்னல் இருக்கிறது.

ஜர்னல் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 2002-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2.2-இல் வந்த வசதி. கேட்டலாக் போன்ற பதிவேடுகளில் ஒரு மாற்றம் செய்யும் முன், மாறப்போகும் பிளாக்கின் புதிய வடிவத்தை அப்படியே ஜர்னலில் எழுதிவிடும். ஜர்னலில் பத்திரமாக ஏறிய பிறகுதான் உரிய இடத்தில் எழுதும். இடையில் மின்சாரம் போனால், அடுத்த முறை மவுண்ட் செய்யும்போது மேக் ஜர்னலைப் படித்து, எழுதாமல் விட்டதை எழுதி முடிக்கும். ஒரு டெராபைட் வால்யூமில் இதற்காக 80 எம்பி ஒதுக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் டிரைவர் எச்எஃப்எஸ் பிளஸ் ஜர்னலைத் தொடுவதே இல்லை. ஜர்னல் உள்ள வால்யூமை அது சாதாரணமாக எழுதுவதற்குத் திறக்காததற்கும் காரணம் இதுதான். வலுக்கட்டாயமாகத் திறக்க ஒரு வழி உண்டு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது அந்த இரவை நினைத்துப் பார்த்தேன். மடிக்கணினி ‘பதினெட்டாம் போர்’ பகுதிகளை ஒவ்வொன்றாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் சேரும்போது கேட்டலாக்கின் அதே இலைக்கணு மாறுகிறது. 11 மணி 12 நிமிடத்தை ஒட்டி, டிஸ்க்கின் ஊசி அந்தக் கணுவை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போகிறது. பாதி எழுதிய அலகின் பிழைதிருத்தக் குறியீடு பொருந்தாமல் போகிறது, பிறகு டிஸ்க்கால் அதைப் படிக்கவே முடியவில்லை. அப்படியானால் இந்த இடம் தேய்ந்து கெட்டதல்ல, எழுத்து நடுவில் அறுந்ததால் கெட்டது. அப்படியானால் அந்தக் கணுவின் முழு வடிவம் ஜர்னலில் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஜர்னலில் ஏறாமல் உரிய இடத்துக்கு எழுத்து வராது.

இது ஊகம்தான். ஆனால் சோதித்துப் பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை, ஏனென்றால் கையில் இருப்பது நகல். பார்ட்டிஷன் பதிவு சரிசெய்த இரண்டாவது டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஒரு நண்பரின் வீட்டுக்குப் போனேன். அவரிடம் மேக் இருந்தது. இப்போதைய மேக்குகளும் எச்எஃப்எஸ் பிளஸ்ஸைப் படிக்கும், எழுதும். செருகினேன். சில விநாடிகள் டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கியது. பிறகு திரையில் டிஸ்க்கின் உருவம் வந்தது. ‘பதினெட்டாம் போர்’ கோப்புறையைத் திறந்தேன். 29 கோப்புகள்.

அசல் டிஸ்க்கில் அந்த இடம் படிக்க முடியாததாகவே இருந்திருக்கும். நகலில் அது வெறும் பூஜ்யங்களால் நிரம்பிய, நலமான இடம். மேக் ஜர்னலை ஓட்டியபோது அந்தப் பூஜ்யங்களின்மீது கணுவின் சரியான வடிவத்தை எழுதிவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் அறுந்துபோன வேலையை அது தொடர்ந்து முடித்தது. பிறகு மேக்கின் சொந்தச் சோதனைக் கருவியை ஓட்டினேன். காலி பிளாக்குகளின் எண்ணிக்கை மட்டும் தவறாக இருந்தது, திருத்திக்கொண்டது.

வேற்று இயங்குதளத்தின் டிஸ்க் வரும்போதெல்லாம் நான் பிடித்துக்கொள்ளும் கோடு இதுதான்: படிப்பது எங்கிருந்தும் படிக்கலாம், எழுதிப் பழுதுபார்ப்பதை அந்தக் கோப்பு முறைமை பிறந்த வீட்டில்தான் செய்ய வேண்டும், அதுவும் நகலில். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க் லினக்ஸில் பிழை காட்டினாலும் இதையேதான் சொல்வேன்.

பெயர்கள்

ஆசிரியர் ஓர் எக்செல் பட்டியல் வைத்திருந்தார். ஒவ்வொரு பகுதியின் பெயரும் ஒரு வரி. மொத்தம் 388. மேக்கிலேயே டிஸ்க்கிலுள்ள கோப்புப் பெயர்களைப் பட்டியலாக எடுத்தேன், 386 வந்தது. இரண்டு குறைகிறது என்று நினைத்துக்கொண்டு, எந்த இரண்டு என்று பார்க்க லினக்ஸில் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டேன். 186 வரிகள் பொருந்தவில்லை என்று வந்தது.

திரையில் பார்த்தால் ஒரே பெயர். ‘கர்ண மோட்சம்’ இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. ‘கீசக வதம்’ பொருந்துகிறது, ‘அர்ச்சுனன் தபசு’ பொருந்துகிறது. ‘கர்ண மோட்சம்’, ‘பதினெட்டாம் போர்’, ‘திரௌபதி துகில்’ மூன்றும் பொருந்தவில்லை. பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தபோது புரிந்தது. மோ, போ, ரௌ.

ஓகாரக் குறிக்கு யூனிகோடில் 3019 என்ற ஒற்றை எண் உண்டு. அதையே ஏகாரக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம், பார்வைக்கு ஒன்றுதான். ஔகாரக் குறி 3020-ஐ 3014, 3031 என்று பிரிக்கலாம். எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். விசைப்பலகையில் தட்டிய எக்செல் பட்டியலில் ஒற்றை வடிவம் இருந்தது. ‘கர்ண மோட்சம்’ என்பது எக்செலில் இடைவெளி உட்பட 12 குறிகள், மேக் டிஸ்க்கில் 13. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துள்ள எந்தத் தமிழ்ப் பெயரும் இப்படித்தான் ஆகும். மேக்கிலிருந்து வந்த கோப்புகளைத் தேடும்போது, கண்ணெதிரே இருக்கும் கோப்பு தேடலில் வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இரண்டு பட்டியலையும் ஒற்றை வடிவத்துக்கு மாற்றி மறுபடி ஒப்பிட்டேன். 155 வரிகள் உடனே பொருந்தின. மிச்சம் 31. அவற்றில் 29 ‘திரௌபதி துகில்’ பகுதிகள். எக்செலில் அவர் ஔகாரத்தின் நீட்டலுக்குப் பதிலாக ‘ள’ என்ற எழுத்தையே தட்டி, அந்த வரியைக் கீழே வரை இழுத்திருக்கிறார். அச்சிலும் இணையத்திலும் நாள்தோறும் காணும் பிழைதான். தமிழாசிரியரான தாமே அதைச் செய்ததற்கு அவர் மிகவும் வருந்தினார். எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்போது யார் கண்டுபிடிப்பது என்று நான் ஆறுதல் சொன்னேன்.

ஆக உண்மையிலேயே இல்லாதவை இரண்டு: ‘பதினெட்டாம் போர்’ 30, 31.

விண்டோஸிலும் படிக்க வேண்டும் என்று அவர் விரும்பியதால், புதிதாக வாங்கிய டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் ஃபார்மேட் செய்தேன். மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றும் அதைப் படிக்கும், எழுதும். ஜர்னல் கிடையாது என்பது அதன் குறை, முறையாக வெளியேற்றாமல் பிடுங்கக்கூடாது என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். நகலெடுக்கும்போது ஒரு கடைசித் தடங்கல். கோப்புறைகளுக்கு அவர் மேக்கில் ‘14/3/2015’ என்று தேதியோடு பெயர் வைத்திருந்தார். மேக்கின் திரையில் சாய்கோடாகத் தெரிவது லினக்ஸில் முக்காற்புள்ளியாக வரும். முக்காற்புள்ளியை எக்ஸ்ஃபேட் ஏற்காது. எல்லாவற்றையும் சிறு கோடாக மாற்றிய பிறகு சுமார் 780 ஜிபியும் ஏறியது.

படிக்க முடியாத இரண்டாவது இடம் ‘கர்ண மோட்சம்’ ஏழாம் பகுதிக்குள் விழுந்திருந்தது. ஓட்டிப் பார்த்தோம். 4096 பைட் என்பது இந்த வீடியோவில் ஒரு விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு படம் கெட்டால் அடுத்த முழுப்படம் வரும் வரை கெடுதல் தொடரும். கர்ணன் மனைவி பொன்னுருவி நின்றிருக்கும் இடத்தில் அரை விநாடி பச்சைக் கட்டங்கள் சிதறின, பிறகு அவள் மறுபடி தெளிந்து நின்றாள். பாட்டு அறுபடவில்லை.

‘பதினெட்டாம் போர்’ 29-ஆவது பகுதி முழுமையாக இல்லை. மற்றவை ஒவ்வொன்றும் சுமார் 15 நிமிடம், இது ஒன்பது நிமிடத்தில் நிற்கிறது. நகலாகிக்கொண்டிருந்த கோப்பு அது. கேமரா எம்டிஎஸ் என்ற வீடியோ வடிவத்தில் எழுதியதால், வால் இல்லாவிட்டாலும் இருக்கும் வரை ஓடுகிறது. 30, 31 டிஸ்க்குக்கு வரவே இல்லை. அந்த மெமரி கார்டைத் தேடி எடுத்து வந்தார், அதன்மேல் பேரனின் பிறந்தநாள் பதிவாகியிருந்தது. கார்டையும் நகலெடுத்துத் தேடினேன், அந்த இரண்டும் கிடைக்கவில்லை.

29-ஐ அவர் என் கடையில் உட்கார்ந்தே பார்த்தார். விடியப்போகும் நேரம், வானம் வெளுக்கவில்லை. துரியோதனன் வேடத்தில் இருந்தவர் அந்தக் குழுவின் வாத்தியார். கிரீடத்தில் பதித்த கண்ணாடிகள் விளக்கில் மின்ன, ஒரு சுற்று ஆடி வந்து நின்று, அடுத்த பாட்டுக்காக ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்க்கிறார். அதோடு படம் நிற்கிறது. ஆசிரியர் அதைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தார். பிறகு அடுத்து வரும் பாட்டின் முதல் இரண்டு அடிகளைத் தாமே மெல்லப் பாடினார்.